மூன்றாம் தடவை கேட்பார்கள் என்று இருந்தேன்

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசி மாதம், டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகரத்தில் இது தொடங்கியது. அப்போது நாங்கள் நான்கு ஆண்கள் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். நால்வரும் கலியாணம் முடித்தவர்கள். நால்வரின் குடும்பமும் இலங்கையில். காலையில் எனக்கு இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் கழுவித் துடைக்கிற வேலை. மத்தியானத்துக்குப் பிறகு மொழிப் பாடசாலை. ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். டெனிஷ் மொழி எனக்குச் சுலபமாக வரவில்லை.

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பதில் இல்லை. எங்கள் ஆட்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. விண்ணப்பங்களை அமைச்சர் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தது பிறகு தெரியவந்து, அதுவே தமிழர் வழக்கு என்று நாடெங்கும் பேசப்பட்டு, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. உங்கள் பாடசாலையில் சொல்லித் தந்திருப்பார்கள். இங்கே பிறந்து வளருகிற எங்கள் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது அந்தக் கதை அல்ல. அதே நாட்களில் என் சொந்த வாயால் நான் கெடுத்துக்கொண்ட ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது பஸ் போய்விட்டது. மழை. புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஆறு மேசைதான். குளிருக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே போனேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். நெடிய உருவம். புருஷனோடு அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் பல வருடம் இருந்தவராம். புருஷன் இறந்த பிறகு, மாவூற்றி வாஃபிள் சுடுகிற பெரிய இரும்பு அச்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பியிருந்தார். வியாழக்கிழமைகளில் அந்தக் கடையில் ஒரே சாப்பாடு: பொரித்த கோழியும் வாஃபிளும்.

வாஃபிள் என்றால் உங்களுக்கு ஜாமும் ஐஸ்கிரீமும் ஞாபகம் வரும். டெனிஷ்காரருக்கும் அப்படித்தான். முதன்முதலாகக் கடைக்கு வந்தவர்கள் முன்னால் வைத்த சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பதை நான் கண்டிருக்கிறேன். நான் யோசித்தது ஐந்து நிமிடம். ஓரம் மொறுமொறுத்த வாஃபிள், அதில் சதுரம் சதுரமாகக் குழிகள். மேலே மிளகு போட்ட மாவில் தோய்த்துப் பொரித்த கோழித் தொடை. பக்கத்தில் ஒரு குட்டிச் சாடியில் சீனிப் பாகு போன்ற பாணி. பாணி தேத்தண்ணீருக்காக்கும் என்று நினைத்துத் தள்ளி வைத்தேன். அந்த அம்மா வந்து, கோழிக்கு மேலே ஊற்றும்படி கையால் காட்டினார். கோழிக்குப் பாணி ஊற்றுகிற சனத்தை அன்றுதான் கண்டேன். முதல் வாய் பிழையாக இருந்தது. மூன்றாவது வாயில் பிழை தெரியவில்லை. பிறகு எலும்பு மட்டும் மிஞ்சியது.

அடுத்த வியாழனும் போனேன். இந்த முறை மருந்துப் போத்தல் ஒன்றில் வறுத்த மிளகாய்த்தூள் கொண்டு போய், மேசைக்குக் கீழே வைத்து ஒளித்துத் தூவினேன். அந்த அம்மா கண்டுவிட்டார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண் கலங்கியது. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, "இது நல்லாயிருக்கு. எனக்கு ஒரு போத்தல் வேணும். வாற கிழமை கொண்டு வாரும்" என்றார். இப்படி முகத்துக்கு நேரே கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடிகிற நேரத்தில் ஒரு தட்டு நிறையக் கோழியோடு மேசை மேசையாக வருவார்.

"இன்னொரு துண்டு வேணுமோ?"

"வேண்டாம்" என்றேன். காலையில் ஒரு பாண் துண்டை மட்டும் தின்றுவிட்டு வேலைக்குப் போனவன் நான். நல்ல பசி. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்கோ என்று முதல் தடவை கேட்பார்கள். இல்லை, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்போம். இரண்டாம் தடவை கேட்பார்கள். உங்களுக்கு ஏன் கரைச்சல் என்போம். மூன்றாம் தடவை கேட்கவே மாட்டார்கள், கோப்பையில் போட்டுவிடுவார்கள். முதல் தடவையே ஓம், வேணும் என்று சொன்னால் சாப்பாட்டுக்கு அலைந்து திரிகிறவன் என்று நினைப்பார்கள் என்பது எங்களுக்குப் பால்குடி நாளில் இருந்து ஊறிய பயம்.

அந்த அம்மா "சரி" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டை அடுத்த மேசைக்காரருக்கு வைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்களில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்போம். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி, "தம்பி, இவங்கள் எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். "என்னோடை வேலை செய்யிறவன்ரை பிறந்தநாளுக்குப் போனன். கேக் வேணுமோ எண்டான். வேண்டாமெண்டன். பேசாமல் தட்டை அங்காலை குடுத்திட்டான். பச்சைத் தண்ணியோடை வீட்டை வந்தனான்."

"ஏன் அண்ணை, ஓம் எண்டிருக்கலாமே" என்றான் எங்களில் இளையவன்.

"நீ சொன்னனியோ எங்கையாவது?"

அவனும் சொன்னதில்லை. நால்வரில் ஒருவனும் சொன்னதில்லை. இந்தச் சனத்துக்கு விருந்தோம்பல் தெரியாது, ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு விடுகிறார்கள் என்று நால்வரும் சேர்ந்து தீர்மானித்தோம். அந்த அம்மா ஒவ்வொரு வியாழனும் கேட்டார். ஒவ்வொரு வியாழனும் நான் வேண்டாம் என்றேன்.

தை மாதம் எனக்குக் கடிதம் வந்தது. மூன்று தடவை வாசித்தும் முழுவதும் விளங்கவில்லை. அது வியாழக்கிழமை என்றபடியால் கடைக்கே கொண்டு போனேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "வரலாம். உம்மடை மனிசி, இரண்டு பிள்ளையள், மூண்டு பேரும் வரலாம்" என்றார். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

"எங்கை இருக்கப் போறியள்?" என்று கேட்டார்.

நகரசபையில் வீட்டுக்குப் பதிந்தால் வரிசை நீளம் என்று சொன்னேன். அவர் தலைக்கு மேலே விரலைக் காட்டினார். கடைக்கு மேலே அவருக்குச் சொந்தமான இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் இருந்தன. இருந்த மாணவன் மாதக் கடைசியில் போகிறானாம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தெருப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதில் நின்றால் நிலையத்துக்கு வந்து போகிற ரயில் எல்லாம் தெரியும். கீழே கோழி பொரிக்கிற வாசம் மேலே வரும்.

"இந்த வீடு உமக்கு வேணுமோ?"

பிள்ளைகளே, அந்த வீடு எனக்கு எவ்வளவு வேண்டும் என்று என்னால் எழுத முடியாது. என் வாய் சொன்னது இதுதான்: "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு ஏன் கரைச்சல்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி" என்றார். கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்தோம்.

நான் கவலைப்படவில்லை. வீடு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கோழித் துண்டு ஒரு பேச்சுக்குக் கேட்பது, வீடு அப்படி அல்ல, கட்டாயம் திரும்பக் கேட்பார் என்பது என் கணக்கு. அன்றைக்கே மனைவிக்குக் கடிதம் எழுதினேன். வீட்டில் ரயில் தெரிகிற ஜன்னல் இருக்கிறது என்றும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படியும் எழுதினேன். அண்ணை எனக்காக இரண்டு பானை தேடித் தந்தார்.

அடுத்த வியாழன் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு போனேன். அவர் கோழி வேண்டுமா என்று கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வியாழனும் கேட்கவில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்து, போகும்போது மேலே பார்த்து, "நல்ல ஜன்னல்" என்றேன். "ஓம், நல்ல ஜன்னல்" என்றார் அவர்.

மூன்றாவது வியாழன் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஓர் இளம் சோடி வந்தது. பெண் பிள்ளைத்தாய்ச்சி. கடைக்கார அம்மா ஆணியில் தொங்கிய மேல்வீட்டுத் திறப்பை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தார். அவர்கள் படியேறுகிற சத்தம் கேட்டது. பிறகு என் தலைக்கு மேலே நடக்கிற சத்தம். குசினியில் இருந்து அறைக்கு, அறையில் இருந்து ஜன்னலுக்கு. ஜன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

என் குடும்பத்துக்கு விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. அவர்கள் வர இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது.  அந்த அம்மா வழக்கம்போலத் தட்டோடு வந்தார். அவர் கேட்க முதல் நான் எழும்பி நின்றேன்.

"மேல் வீடு எனக்கு வேணும்" என்றேன்.

"நான் உம்மட்டைக் கேட்டனான். நீர் வேண்டாம் எண்டீர்."

"முதல் தரம் கேக்கேக்கை நாங்கள் அப்பிடித்தான் சொல்லுவம்."

"வேணுமெண்டாலுமோ?"

"ஓம்."

"பிறகு?"

"இரண்டாந் தரமும் வேண்டாமெண்டுவம். மூண்டாந் தரம் கேட்டால் ஓம்."

எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாம் அதோடு முடிந்துவிட்டது. அவர் தட்டை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே இருந்தார். கோழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப கோழியும் அப்பிடியோ?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றேன்.

"இவ்வளவு வியாழக்கிழமையும் உமக்குப் பசியோ?"

"ஓம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆள் என்று நினைத்து, எனக்கென்று சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாராம். பிறகு ஆறுதலாக, எனக்கு விளங்கும்படி சொல்லுச் சொல்லாகச் சொன்னார். "நான் கேக்கிறது, உமக்கு வேணுமோ எண்டு எனக்குத் தெரியாதபடியால். நீர் வேண்டாமெண்டு சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்டால், நான் உம்மடை சொல்லை மதிக்கேல்லை எண்டு அர்த்தம்."

அதுவரை அப்படி ஒரு பக்கம் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. அவர் கேட்காமல் விட்டதை நான் அலட்சியம் என்று நினைத்தேன். அவர் அதை மரியாதை என்று நினைத்துச் செய்திருக்கிறார்.

மேலே போனவர்களுக்கு யோசிக்க நாளை மத்தியானம் வரை நேரம் கொடுத்துவிட்டாராம். அவர்கள் வேண்டாம் என்றால் வீடு எனக்கு. வேண்டும் என்றால் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. அவர் சொன்னது நியாயம்தான்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என்னைக் கண்டதும் அவர் உள்ளே இருந்தே இல்லை என்று தலையை ஆட்டினார். ஆணியில் திறப்பு இல்லை. நான் உள்ளே போய், "பரவாயில்லை" என்றேன். பாருங்கள், அப்போதும் அதைத்தான் சொன்னேன். அதுவும் மரியாதைக்குச் சொன்ன பொய்.

"இப்ப உமக்கு என்ன வேணும்? நேரே சொல்லும்" என்றார்.

 நகரசபையோடு தொலைபேசியில் கதைக்க எனக்கு மொழி போதாது, நீங்கள் கதைக்க வேண்டும் என்றேன். டென்மார்க்குக்கு வந்து நான் வாய் திறந்து கேட்ட முதல் உதவி அதுதான். கடை மூடிய நாட்களிலும் விடாமல் கதைத்தார். ஆனால் வீடு ஆனி மாதம்தான் கிடைத்தது.

மாசி மாதக் கடைசியில் குடும்பம் வந்து இறங்கியது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. நான் நாட்டை விட்டு வரும்போது கைக்குழந்தையாக இருந்தவன், என்னைக் கண்டு தாயின் பின்னால் ஒளித்தான். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மற்ற மூவரும் ஓர் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்துவிட்டு மற்ற அறையில் நெருக்கிக்கொண்டார்கள். மகள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். வெளியே சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலின் சுவர்.

"அப்பா, ரயில் தெரியிற சன்னல் எங்கை?" என்று கேட்டாள்.

அண்ணை மெல்ல எழும்பி வெளியே போனார். நான் நடந்ததைச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டு உடுப்புகளை மடித்தார். முடிந்த பிறகு, "ஓம் எண்ட ஒரு சொல்லுத்தானேப்பா. அதைச் சொல்ல உங்களுக்கு வாயில்லையோ?" என்றார்.  நாலு மாதம் அந்த அறையில் இருந்தோம். மகனுக்கு இருமல் வந்தால் அடுத்த அறையில் மூன்று பேர் விழிப்பார்கள். ஒருநாளும் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் மனைவி ஒவ்வொரு நாளும் குசினிக்குள் போக முதல் கதவைத் தட்டிவிட்டுப் போனது எனக்கு வேதனையாக இருந்தது.

வந்து இரண்டாம் கிழமை எல்லோரையும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். மனைவி சேலைக்கு மேலே என்னுடைய தடித்த கோட்டைப் போட்டிருந்தார். கோழியையும் வாஃபிளையும் ஒரே கோப்பையில் கண்டதும் என்னைப் பார்த்தார். மகன் யோசிக்கவில்லை. பாணிச் சாடியை அப்படியே கவிழ்த்தான். ஒவ்வொரு குழியும் நிரம்பி வழிந்தது.

முடிகிற நேரம் அந்த அம்மா தட்டோடு வந்தார். "இன்னொரு துண்டு வேணுமோ?"

"ஓம், வேணும்" என்றேன் நான். பெரிய துண்டாக வைத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

ஒரு சொல்லைச் சொல்ல வாயில்லையோ என்று என்னைக் கேட்ட அதே ஆள், குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஐயோ வேண்டாம், வயிறு நிரம்பிட்டுது" என்றார்.

நான் சிரிப்பை அடக்கினேன். அவருக்கும் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஒரு விரலை நீட்டினார். பிறகு இரண்டாவது விரலையும் நீட்டி, மறுபடி கேட்டார். மனைவி தலையாட்டினார், வேண்டாம். மூன்றாவது விரல்.

"என்னப்பா, இந்த மனிசி என்ன எண்ணுது?"

"மூண்டாந் தரம் கேக்கிறா. இனி ஓம் எண்டு சொல்லலாம்" என்றேன்.

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன். "சரி, ஒரு சின்னத் துண்டு" என்றார். பெரிய துண்டுதான் விழுந்தது. மகள் யாரும் கேட்க முதலே கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலே யாரோ நடந்தார்கள். குசினியில் இருந்து அறைக்கு, அறையில் இருந்து ஜன்னலுக்கு. மனைவி அண்ணாந்து பார்த்தார். கடைக்கார அம்மாவும் பார்த்தார்.  நான் மிளகாய்த்தூள் போத்தலை மனைவியின் பக்கம் நகர்த்தினேன்.

இது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். இங்கே பிறந்த என் கடைசி மகன் அவரிடம் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவர் வேண்டாம் என்றார். இவன் தன் அறைக்குப் போய்விட்டான். திரும்பப் போய்க் கேள் என்றேன். "அவர் வேண்டாமெண்டு சொன்னவர்தானே" என்றான் டெனிஷில். அவன் சொன்னதிலும் பிழை இல்லை. இன்னும் இரண்டு தடவை கேட்கச் சொன்னேன். பெரியவர் இரண்டு கோப்பை குடித்தார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு தடவை கேளுங்கள், அலுக்க வேண்டாம். உங்களிடம் ஒருவர் கேட்டு, அது உங்களுக்கு உண்மையில் வேண்டுமென்றால், முதல் தடவையே ஓம் என்று சொல்லுங்கள். இன்றைக்கும் யாராவது என்னிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால், நான் வாய் திறக்க முதல், அந்தக் கடைக்கு மேலே ஜன்னலடிக்கு நடந்து போன காலடிச் சத்தம் என் காதில் கேட்கிறது.